நிற்காத ரத்தம்

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் சக்கரபாணியின் வேங்கிக்கால் வீட்டுக்குள் கன்னியம்மாள் அழுதுகொண்டேதான் நுழைந்தாள். அடி அண்ணாமலை கிராமத்துக்காரி. ஓட்டக்காரனான மகன் வளவனுக்குப் போலீஸ் வேலைதான் ஒரே கனவு. குதிகால் தசைநாண் பாதி கிழிந்து, மூன்று மாதத்துக்கு முன் டவுன் டாக்டரிடம் ஊசி போட்டிருந்தான்.

"அவன் ரத்தத்தையே எடுத்து மிஷின்ல சுத்திப் போட்டாருங்க. எடுத்த இடத்துல ரத்தம் நிக்கவே இல்ல, பஞ்சு மேல பஞ்சு வெச்சோம். போன வாரம் ஓடிப் பார்த்தான், மிச்சமும் அறுந்துபோச்சு. வெறும் தண்ணியப் போட்டு ஏமாத்திட்டான் படுபாவி!"

"டாக்டர்தான் பெரியப்பா, சந்தேகமே இல்ல!" என்று துள்ளினாள் எழில். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் தம்பி மகள்.

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அந்த ஊசியில என்ன இருக்கும், சொல்லு."

"தட்டணுங்க, அதாவது பிளேட்லெட். ரத்தத்தை உறைய வைக்கிறதும் அதுங்கதான். கிழிஞ்ச இடத்துல சத்தை விடும். அதனால தசைநாண் செல்லுங்க பெருகி, புது நார் பின்னும்."

டாக்டரைப் போய்ப் பார்த்தார்கள். அதே நாள், அதே மிஷினில் சரசு என்பவளுக்கும் முழங்கைக்கு ஊசி போட்டிருந்தார், அவள் குணமாகிவிட்டாள். எழிலின் முகம் தொங்கிப்போயிற்று.

அடி அண்ணாமலையில் வளவன் காலில் கட்டோடு படுத்திருந்தான்.

"ஊசிக்கு முன்னாடி வலி எப்படி?" என்று கேட்டார் சக்கரபாணி.

"உயிர் போச்சு சார். ஊசிக்கு முந்தின வாரம் கம்மியாயிடுச்சு. வலி மாத்திரை தொடக்கூடாதுன்னாரு டாக்டர். தொடவே இல்ல."

சக்கரபாணி கன்னியம்மாளை வாசலுக்கு அழைத்து வந்தார்.

"மிஷின் சரி, டாக்டர் சரி. அப்போ கோளாறு ரத்தத்துல. மாத்திரை தின்னாதவனுக்கு வலி குறையுது, ரத்தமும் உறையல. ரெண்டையும் செய்யறது ஆஸ்பிரின். அதுல மழுங்கின தட்டணு சத்தைச் சரியா விடாது. அவன் தின்னல. யார் குடுத்தீங்க?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "வெறும் வயித்துல எரியும்னுதான் டாக்டர் வேணான்னாருன்னு நினைச்சேங்க. அதான் பொடி பண்ணி கூழ்ல கரைச்சேன். ராத்திரியெல்லாம் கத்தினான், பெத்த மனசு கேக்கலியே!"

எழில் குறுக்கிட்டாள். "ஆபரேஷன் பண்ணா?"

"நடக்கலாம்" என்றார் சக்கரபாணி. "போலீஸ் தேர்வுக்கான ஓட்டம் போச்சு."

"ஐயா, டாக்டர்தான்னே சொல்லிடுங்க. உங்க கால்ல விழறேன்."

அவர் தலையசைத்து மறுத்தார். உள்ளிருந்து வளவனின் குரல் வந்தது. "யாருன்னு தெரிஞ்சுதா சார்?"

பெரியப்பா வாய் திறப்பார் என்று எழில் பார்த்தாள். அவர் விலகி வழிவிட்டார். கன்னியம்மாள்தான் உள்ளே போனாள்.

"நான்தான்டா" என்று எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டு அவன் பாதத்தைத் தொடப் போனாள். கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தான் வளவன், முடியவில்லை.