மேட்டில் நின்ற வண்டி

ஜூலை 14, செவ்வாய்

மாலை வகுப்புத் தேர்வில் இன்று ஒரு தப்பு செய்தேன். "மேடு ஏற இன்ஜினுக்குக் குதிரைத்திறன் மட்டும் போதும்" என்று எழுதிவிட்டேன். டீச்சர் சிவப்பு மையில் சுழித்து, "டார்க் எங்கே?" என்று கேட்டிருந்தார்.

டார்க் என்றால் முறுக்கு விசை. சைக்கிள் மிதியை எவ்வளவு பலமாக அழுத்துகிறோமோ, அது மாதிரி. அந்தப் பலத்தையும் சுற்றும் வேகத்தையும் பெருக்கினால் வருவதுதான் குதிரைத்திறன். இப்போது சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

வகுப்பு வாசலில் எங்கள் வேன் நின்றது. அப்பா இறந்த பிறகு தண்ணீர் கேன் போடுவது அம்மாதான். பக்கத்தில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார்.

"ஏறுங்க புரொபசர்," என்றார். "இன்னைக்கும் மேட்டுத்தெருவுல நின்னுச்சுன்னா, நாளைக்கு வண்டியக் குடுத்துடுறோம். வாங்குறவர வரச் சொல்லிட்டேன்."

அம்மா வண்டியைக் கிளப்பினார். அது அப்பாவின் வண்டி.

மேட்டுத்தெருவில் பாதி தூரம்கூடப் போகவில்லை. முதல் கியரில் சத்தம் கூடியதும் அம்மா உடனே இரண்டாம் கியருக்கு மாற்றினார். வண்டி கடகடவென்று நடுங்கி நின்றுவிட்டது. அம்மா கைப்பிரேக்கை இழுத்தார்.

"இதுல இருந்த குதிரையெல்லாம் கிழடாயிடுச்சு அண்ணி," என்றார் சித்தப்பா. "விட்டுடலாம்."

நான் அம்மாவின் காலைப் பார்த்தேன். முட்டையின் மேல் வைத்தது போல ஆக்சிலேட்டர் மேல் இருந்தது. அம்மா இன்ஜினைச் சத்தம் போடவே விடுவதில்லை.

ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. அம்மா ஓட்டப் பழகியதே அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத்தான். அப்பா பின்னால் படுத்திருப்பார். கொஞ்சம் குலுங்கினாலும் வலியில் முனகுவார். சத்தம் கேட்டால் விழித்துக்கொள்வார்.

எப்படிச் சொல்வது? மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தேன். எதுவும் சரியாக வரவில்லை.

"அம்மா, இன்ஜின் ரொம்ப மெதுவா சுத்துனா அதுக்குப் பலம் வராது. முதல் கியர்லயே போம்மா. அதுலதான் சக்கரத்துக்கு முறுக்கு அதிகம். நல்லா அழுத்து, கத்தட்டும்."

"அவ்ளோ சத்தம் போட்டா பாவம்டி..." என்று தொடங்கிய அம்மா நிறுத்திக்கொண்டார்.

"பின்னாடி கேன் மட்டும்தான்மா இருக்கு," என்றேன்.

அம்மா கண்ணாடி வழியாகப் பின்பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். சித்தப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு அம்மா முதல் கியரைப் போட்டு அழுத்தினார். இன்ஜின் உறுமியது. அந்த வண்டியில் அவ்வளவு சத்தம் கேட்டு எத்தனையோ மாதம் ஆகிவிட்டது.

"அடேயப்பா, குதிரைங்க முழிச்சிடுச்சு!" என்று சித்தப்பா டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. அவர் குரலே உடைந்துதான் இருந்தது.

அம்மா அழுதுகொண்டே ஓட்டினார். ஆனால் காலை எடுக்கவில்லை. வண்டி மேட்டின் உச்சிவரை நிற்காமல் ஏறியது.

பின்னால் கேன் மட்டும்தான் என்று நான் சொல்லியிருக்கலாமா என்று இப்போதும் தெரியவில்லை.

மேலே நிறுத்தியதும் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு சித்தப்பாவிடம் சொன்னார். "வண்டி வாங்குறவரை வர வேண்டாம்னு சொல்லிடுப்பா."

"சரி அண்ணி."

நாளை பள்ளிக்குப் போகும் முன் ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்க வேண்டும். மேட்டுத்தெருவுக்குக் கேன் ஏற்ற வேண்டும்.