மெழுகு வற்றிய பிக்கப்

அவன் இருமி முடித்த பிறகுதான் ஆம்ப் இருமியது.

கையில் ஸ்க்ரூடிரைவரோடு அப்படியே நின்றான். பிறகு தனக்குத்தானே சிரித்துக்கொண்டான். பழைய எலக்ட்ரிக் கிட்டாரில் இதெல்லாம் சகஜம். தந்திகளுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் பிக்கப்பில், காந்தத்தைச் சுற்றிய, முடி மாதிரி மெல்லிய கம்பிச்சுருள் அசையாமல் இருக்க மெழுகில் முக்கி எடுப்பார்கள். நாளாக ஆக அந்த மெழுகு வற்றிவிட்டால், தந்தி அதிர்வதோடு நிற்காமல் பக்கத்தில் பேசுகிறவன் பேச்சையும் அது இழுத்து, சத்தத்தைப் பெருக்கும் ஆம்புக்கு அனுப்பிவிடும். அதை மாற்றத்தான் புது ஜோடி ஒன்று மேசைமேல் பிரிக்காமல் கிடந்தது. ஆனால் பேச்சைப் பிடிக்கிற பிக்கப் அந்த நொடியே பிடிக்கும். இப்படி ஆற அமர, கேட்டு வைத்துக்கொண்டு திருப்பிச் சொல்லாது.

கிட்டார் மைக்கிடமிருந்து வந்தது. மைக் என்பது நண்பனின் பட்டப்பெயர். பள்ளியில் ஒரே பெஞ்சு, கல்லூரியில் ஒரே பேண்டு. அவன் பாடினால் நிஜ மைக்குக்கு வேலையே இல்லை, அப்படியொரு தொண்டை. பாவம், போன வருடம் அந்தத் தொண்டை திடீரென்று அடைத்துப்போனது. டாக்டர்கள் குழாயெல்லாம் விட்டுப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். அன்றிலிருந்து எதுவானாலும் போனில் தட்டித்தான் காட்டுவான். கிட்டாரை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தபோதும் தட்டித்தான் காட்டினான்.

'இனி எனக்கெதுக்குடா? நீயாவது பிக்கப்ப மாத்தி வாசி. கழட்டறதுக்கு முன்னாடி பிக்கப் மேல வாய வச்சுப் பேசிப் பாரு. மெழுகு இருக்கா போச்சான்னு தெரிஞ்சுடும்.'

கிட்டாரை நோண்டுகிற எவனும் செய்கிற சோதனைதான். மதியம் அவனும் செய்தான். தந்தியில் மூக்கு உரசக் குனிந்து "ஹலோ, ஹலோ" என்றான். துருவும் வியர்வையும் கலந்த வாடை அடித்தது. அதற்கும் அடியில் இன்னொன்று, வெகுநேரம் மூடியிருந்த வாயைத் திறந்தால் வருமே, அந்த நாற்றம். முகத்தைச் சுளித்து நிமிர்ந்தான். அப்போதிருந்தே தொண்டையில் ஏதோ நெருடிக்கொண்டிருந்தது. கஸ்டமர் கேரில் நாள் முழுக்க ஹெட்செட் மாட்டிக்கொண்டு பேசியே சம்பளம் வாங்குகிறவனுக்குத் தொண்டைதான் சோறு. வெந்நீர் குடித்துவிட்டு வேலையில் இறங்கினான்.

தந்திகளை வெட்டினான். சால்டரிங் இரும்பு காய்ந்து, ஈயம் உருகிப் புகை சுருண்டு மேலே போனது. கீழ்வீட்டில் குக்கர் விசில், லிஃப்ட் ஏறி இறங்கும் முனகல், ஜன்னலுக்கு வெளியே மழைக்கு முந்தைய சாம்பல் வெளிச்சம், எல்லாம் வழக்கம்போல்தான் இருந்தன. இரண்டு பிக்கப்பையும் பிடுங்கி மேசைமேல் வைத்தான். கிட்டாரின் வயிற்றில் இரண்டு குழிகள் மட்டும் மிச்சம். இனி அதனால் எதையும் கேட்க முடியாது.

"ஹலோ," என்றது ஆம்ப்.

அவன் குரல். அச்சு அசல் அவன் குரல்.

யாருடா அது என்று கேட்க வாயைத் திறந்தான். உதடு அசைந்தது. நாக்கு புரண்டது. சத்தம் வரவில்லை. அறையின் மூலையிலிருந்து ஆம்ப் நிதானமாகக் கேட்டது. "யாருடா அது?"

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மைக். ஒரு வருடமாக யாரையும் கூப்பிடாத மைக்.

"டேய்." கணீரென்று இருந்தது அந்தக் குரல். "மன்னிச்சிடுடா. என்கிட்டயும் ஒருத்தன் இந்தக் கிட்டார இப்படித்தான் தள்ளிவிட்டான். நம்மள நம்பறவங்க அதுல வாய வச்சாதான் நம்ம குரல விடுது. உன்ன விட்டா என்ன நம்ப யாருடா இருக்கா?"

ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன். நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டான். அவனைத் திட்டக்கூட இவனிடம் குரல் இல்லை. மைக் அந்தப் பக்கம் அழுதான். அழுதாலும் அந்தக் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. இவனால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

போனை எறிந்தான். கேபிளைப் பிடுங்கினான். ஆம்பின் சுவிட்சை அணைத்தான். சிவப்பு விளக்கு அணையவில்லை. பிளக்கோ பீரோவுக்குப் பின்னால், கைக்கு எட்டாத இடத்தில். மெயினையே அணைத்துவிடலாம் என்று கதவைத் திறந்துபோட்டுவிட்டு நாலு மாடியும் படியில் ஓடினான். மீட்டர் பலகையில் தன் வீட்டு சுவிட்சைக் கீழே தள்ளினான். முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

லிஃப்ட் மேலே போகும் சத்தம் கேட்டது. அதற்குள்ளிருந்து கீழ்வீட்டு அக்காவின் குரலும். "நேரா வீட்டுக்குப் போ, பாப்பா. அப்பா இருக்காரு இல்ல?"

பாப்பா. கீழ்வீட்டில் விளையாடப் போயிருந்த அவன் மகள். மனைவி ஆஸ்பத்திரி டியூட்டியில். வீட்டில் யாருமில்லை.

யாருமில்லையா?

ஏறினான். கால் தடுக்கியது. ஏறினான். கதவு சாத்தியிருந்தது. தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு. சாவி உள்ளே. இரண்டு கையாலும் அறைந்தான்.

"அப்பா, யாரோ தட்டறாங்க," என்றது குழந்தை உள்ளிருந்து.

"திறக்காத தங்கம். யாரோ குடிச்சுட்டு வந்து தட்டறான்." அவன் குரல். தினமும் அவளைத் தூங்கவைக்கும் அதே குழைவு. "கரண்ட் இல்ல பாரு. பயப்படாம இங்க வா."

"எங்கப்பா இருக்க?"

"இங்கதான். கிட்டார்கிட்ட வா."

மண்டியிட்டு, கடிதம் போடும் பிளவில் கண்ணை வைத்தான். இருட்டில் சிவப்புப் புள்ளி. சின்னக் கால்கள். தரையில் கிட்டார். பிளவுக்குள் கையை விட்டு விரல்களை ஆட்டினான். இந்தப் பக்கம் பார், நான்தான், அப்பா.

அவள் திரும்பினாள். கதவில் நெளியும் விரல்களைப் பார்த்தாள். வீறிட்டுப் பின்னால் ஓடினாள். கிட்டார் பக்கமாகவே ஓடினாள்.

"அப்பா இருக்கேன்ல. அந்தக் குழியில வாய வச்சு, அப்பான்னு கூப்பிடு. அவன் போயிடுவான்."

குனிந்து குழியில் வாயை வைத்தாள். ஏன் என்று கேட்கவில்லை. அப்பா சொன்னால் செய்கிற பிள்ளை.

வாயைக் கிழித்துக்கொண்டு அலறினான். "வேண்டாம்மா!"

மாடி முழுக்க எதிரொலித்தது. முழுக்குரல். அவன் சொந்தக் குரல், அவன் தொண்டையிலிருந்தே.

குழந்தை மெல்ல நிமிர்ந்து கதவைப் பார்த்தாள். அப்பாவை அடையாளம் கண்டுகொண்டாள். வாய் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது.

அவள் குரலில் "அப்பா," என்றது ஆம்ப்.