பாதியாய்ப் போன ரயில்

"அக்கா, நம்ம ரயில் உடைஞ்சிருச்சு" என்றான் சுண்டு.

வக்கீல் கையிலிருந்த வரைபடத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "ரயில் என்ன பிஸ்கட்டா, உடையறதுக்கு?"

அவளுக்குப் பத்து வயதுதான். ஆனால் வாயைத் திறந்தால் எதிராளி வாயடைத்துப் போவான் என்பதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"நிஜமாக்கா. முன்னாடி பாதி தனியாப் போகுது. பாரு."

பார்த்தாள்.

அவர்கள் இருந்த பாதி ஸ்டேஷனிலேயே நின்றுகொண்டிருந்தது. முன்பாதி தன் பாட்டுக்குக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. அப்பாவும் அம்மாவும் அந்த முன்பாதியில் இருந்தார்கள்.

எல்லாம் அப்பா செய்த வேலை. வெளிநாட்டில் ஏரியும் பனிமலையும் பார்க்க வந்த குடும்பத்துக்கு முன்பெட்டியில்தான் இடம் பதிவாகியிருந்தது. அப்பா ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு வந்து, "கடைசிப் பெட்டி காலியாக் கிடக்கு. கண்ணாடி எவ்வளவு பெருசு தெரியுமா? வாங்க, ராஜா மாதிரி உக்காரலாம்" என்றார்.

"சீட்டு நம்பர் போட்டிருக்கேங்க" என்றாள் அம்மா.

"அதெல்லாம் சும்மா ஒரு மரியாதைக்கு."

நடுவில் ஒலிபெருக்கி என்னவோ திரும்பத் திரும்பச் சொன்னது. ஒருவருக்கும் புரியவில்லை. "நம்மள வரவேற்கிறாங்க" என்றார் அப்பா.

பிறகு இந்தப் பெரிய ஸ்டேஷன் வந்தது. ரயிலை இரண்டாகப் பிரித்து வேறு வேறு ஊருக்கு அனுப்பும் இடம் இதுதான் என்று அவர்களுக்குத் தெரியாது. முன்பெட்டியில் விட்டுவந்த பெரிய சூட்கேஸை எடுத்துவர அப்பாவும் அம்மாவும் போனார்கள். "அசையாம உக்காருங்க. இதோ வந்துட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்தான்.

வக்கீல் கதவுக்கு ஓடினாள். அதற்குள் கதவு மூடிக்கொண்டது. இவர்கள் பாதியும் நகர்ந்தது.

அது பக்கத்துத் தண்டவாளத்துக்கு மாறி, சிக்னலுக்காக மெதுவாகப் போன முன்பாதியை எட்டிப் பிடித்தது. கொஞ்ச தூரம் இரண்டு பாதிகளும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. எதிர்க் கண்ணாடியில் அப்பா தெரிந்தார். ஒரு கையில் சூட்கேஸ், இன்னொரு கை தலையில், வாய் திறந்தபடியே இருந்தது. அம்மா கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்கவில்லை. பிறகு அந்தத் தண்டவாளம் இடப்பக்கம் வளைந்தது, இவர்களுடையது வலப்பக்கம் வளைந்தது. அவ்வளவுதான்.

வக்கீலுக்கு அழுகை தொண்டை வரை வந்தது. சுண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் அதை விழுங்கிக்கொண்டாள்.

"அப்பா என்ன சொல்லியிருக்காரு? தொலைஞ்சு போனா என்ன பண்ணணும்?"

"கடைசியா எல்லாரும் ஒண்ணா இருந்த இடத்துல நிக்கணும்" என்றான் சுண்டு. "அது இந்த சீட்டுதான? இங்கயே இருப்போம்."

"சீட்டு ஓடுதுடா. அந்த ஸ்டேஷன்தான் ஓடாது. அங்க போகணும்."

நீலத் தொப்பி போட்ட டிக்கெட் பரிசோதகர் வந்தார். உயரமான பெண். டிக்கெட்டெல்லாம் அப்பாவின் பையில் இருந்தது. அவர் ஏதோ கேட்டார். இவள் ஏதோ சொன்னாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக வக்கீலின் பேச்சு எடுபடவில்லை.

அவள் தம்பி பக்கம் திரும்பினாள். "சுண்டு, உன் சாக்லேட்டைக் குடு."

சுண்டு சட்டைப்பையைப் பொத்திக்கொண்டான். ஊரில் நண்பர்களுக்குக் காட்டுவதற்காகப் பிரிக்காமல் காப்பாற்றி வந்த நீளமான சாக்லேட் அது. "எதுக்கு?"

"அம்மாகிட்ட போறதுக்கு."

உடனே கொடுத்துவிட்டான்.

வக்கீல் அதைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். தரையைத் தட்டி ரயிலைக் காட்டினாள், பிறகு சாக்லேட்டைக் காட்டினாள். முன்பக்கம் தொட்டு, "அப்பா, அம்மா" என்றாள். பின்பக்கம் தொட்டுத் தன்னையும் தம்பியையும் காட்டினாள். பிறகு படக்கென்று உடைத்து, ஒரு துண்டை இடப்பக்கமும் ஒன்றை வலப்பக்கமும் தள்ளினாள்.

பரிசோதகர் வாயில் கை வைத்துக்கொண்டார்.

அவர் ரயில் போகும் திசையைக் காட்டி, அடுத்த ஸ்டேஷனில் இறங்கிக் காத்திருக்கலாம் என்பதுபோல் கை காட்டினார். வக்கீல் தலையாட்டி மறுத்தாள். இரண்டு துண்டுகளையும் பின்னால் இழுத்து, உடைத்த இடத்திலேயே ஒட்டவைத்து, அங்கே விரலை ஊன்றினாள்.

பரிசோதகர் சிரித்துவிட்டார். ஃபோனை எடுத்து முன்பாதியில் இருந்த பரிசோதகருடன் பேசினார். கொஞ்ச நேரம் கழித்து அவளிடம் நீட்டினார். அப்பாவின் குரல் வந்தது.

"கண்ணு, எங்க இருக்கீங்க? நான் டாக்ஸி பிடிச்சு உங்க ரயில் பின்னாடியே வர்றேன்."

"வராதீங்கப்பா. நீங்க இங்க வந்தா நாங்க அங்க இருப்போம். ரயிலை வெட்டின ஸ்டேஷனுக்கு வாங்க. நீங்க சொன்ன ரூல்தான்."

அந்தப் பக்கம் ஃபோன் கை மாறியது. பிறகு அம்மாவின் குரல் கேட்டது. "வந்துடுறோம்டி. அப்பாவை நான் கூட்டிட்டு வர்றேன்."

அடுத்த ஸ்டேஷனில் பரிசோதகர் இருவரையும் திரும்பிப் போகும் ரயிலில் ஏற்றி, அதிலிருந்த பரிசோதகரிடம் ஒப்படைத்தார். ரயிலை வெட்டிய ஸ்டேஷனில் இறங்கி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ரயில்கள் வந்தன, போயின. ஒன்றிலும் அப்பா அம்மா இல்லை. வக்கீல் சுண்டுவின் கையை விடவே இல்லை.

பிறகு ஒரு ரயில் முழுதாக நிற்பதற்குள் கதவில் அந்தப் பெரிய சூட்கேஸ் தெரிந்தது. அதன் பின்னால் அம்மா. அம்மா ஓடிவந்து இருவரையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டாள். வக்கீல் விழுங்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வெளியே வந்தது. அப்பா பக்கத்தில் நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என் சாக்லேட் உடைஞ்சுபோச்சு" என்று சுண்டு அவரிடம் புகார் சொன்னான்.

ஏரிக்குப் போகும் ரயிலில் அப்பா சீட்டு நம்பரை இரண்டு தரம் படித்துவிட்டு உட்கார்ந்தார். ராஜா பேச்சையே எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் சுண்டு எழுந்தான். "எனக்கு பாத்ரூம் போகணும்."

அப்பா எழுந்தார். அம்மா எழுந்தாள். வக்கீலும் எழுந்தாள். நான்கு பேரும் கையைக் கோத்துக்கொண்டு, பெரிய சூட்கேஸையும் இழுத்துக்கொண்டு, வரிசையாக பாத்ரூமுக்குப் போனார்கள்.