பச்சைக் கழுதை

நான்கு மணிக்குப் பள்ளிக்கூடத்தின் கணினி அறையைப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் கழுதை நடந்தாக வேண்டும்.

ஊரில் திரியும் நிஜக் கழுதைகள் வெளியே மதில் நிழலில் காதை ஆட்டிக்கொண்டு நின்றன. நடக்க வேண்டிய கழுதை கணினிக்குள் இருந்தது. நாளைய கண்காட்சிக்காக டிலோஜினியும் அவள் அண்ணன் றொட்னியும் செய்த விளையாட்டு அது. கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னால், கழுதை பஸ் நிலையத்திலிருந்து மீன் சந்தையை நோக்கி நடக்கும். பிழையாகச் சொன்னால் நடுத்தெருவில் படுத்துக்கொள்ளும்.

அதற்கான கணினி நிரலை எழுதியவள் டிலோஜினி. கழுதையை வரைந்து, நாற்பது கேள்விகளையும் விசைப்பலகையில் தட்டியவன் றொட்னி. கழுதையைப் பச்சையாக வரைந்திருந்தான். எல்லோரையும் சிரிக்க வைக்கத்தான் என்று டிலோஜினி நினைத்துக்கொண்டாள்.

ஆனால் இன்று விளையாட்டைத் திறந்தால் வெறும் வெள்ளைத் திரைதான் வந்தது.

"கேள்விகளுக்குள்ளதான் எங்கயோ பிழை, அண்ணா."

"அப்ப நான்தான் பிழை விட்டிருப்பன்." றொட்னி உட்கார்ந்திருந்த கதிரையைப் பின்னால் தள்ளினான். "நான் எதைத் தொட்டாலும் பிழைதான். நீ தனியச் செய். நான் போறன்."

அவன் எதை நினைத்துச் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியும். போன சனிக்கிழமை அப்பா யாகப்பர் அவனை மீன்பிடிச் சாமான்கள் வைக்கும் கடற்கரை வாடிக்கு அனுப்பி, தங்கள் வலைக்குக் கட்டும் சிவப்பு மிதவைகளை எடுத்து வரச் சொன்னார். அவனோ பக்கத்து வாடி றெனால்ட் மாமாவின் பச்சை மிதவைகளைத் தூக்கி வந்துவிட்டான். "யாகப்பற்றை மகன் கள்ளன்!" என்று மாமா கடற்கரையே கேட்கக் கத்தினார். அன்றிலிருந்து றொட்னி அந்தப் பக்கமே போகவில்லை.

"கொஞ்சம் நில், அண்ணா. இதென்னெண்டு பாப்பம்."

டிலோஜினிக்குக் கண்ணில் படும் பொத்தானையெல்லாம் அழுத்திப் பார்க்க வேண்டும். நிரல் எழுதும் எடிட்டரில் 'நிறங்கள்' என்று ஒன்று இருந்தது. அழுத்தினாள். எந்தக் கணினி மொழியில் எழுதியிருக்கிறாய் என்று அது கேட்டது. பட்டியலில் தேடித் தெரிவு செய்தாள்.

கறுப்பெறும்புகள் போலக் கிடந்த எழுத்துகள் பளிச்சென்று நிறம் மாறின!

"அண்ணா, இஞ்ச பார்! மேற்கோள் குறிக்குள்ள இருக்கிறதெல்லாம் சிவப்பு. மற்றதெல்லாம் பச்சை."

"இதுக்கு நாங்கள் எழுதினது விளங்குதோ?"

"இல்லையில்லை, அது குறியைத்தான் பாக்குது. மேற்கோள் குறி துவங்கினவுடன சிவப்பு, முடிஞ்சவுடன பச்சை. ஒரு குறியை மூட மறந்திட்டமெண்டா, சிவப்பு அடுத்த அடைப்புக்குறிக்கும் வழிஞ்சிருக்கும். ஒவ்வொரு வரியின்ரை கடைசியையும் பார். அடைப்புக்குறி பச்சையா இருந்தாச் சரி, சிவப்பா இருந்தாப் பிழை."

றொட்னி திரைக்கு மிக அருகே குனிந்தான். மேலிருந்து கீழே பார்த்தான். மறுபடியும் மேலிருந்து பார்த்தான்.

"எல்லாம் ஒரே நிறமாத்தானே கிடக்கு," என்றான் மெல்ல.

டிலோஜினி சிரிக்க வாய் திறந்தாள். ஏதோ யோசனை வர, நிறுத்திக்கொண்டாள். கழுதைப் படத்தைத் திறந்தாள்.

"அண்ணா, கழுதை என்ன நிறம்?"

"இதென்ன கேள்வி? மண் நிறம்."

அவள் சிரிக்கவில்லை. "அது பச்சை, அண்ணா."

றொட்னி கழுதையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடியும் கழுதையைப் பார்த்தான்.

"அப்ப அந்த மிதவை..."

"ஓம். அதுவும்தான். உன்ரை கண்ணுக்கு ரெண்டும் ஒண்டாத் தெரியுது. நீ கவனமில்லாமல் எடுக்கேல்லை."

மணி மூன்றரை. பிழையை அவளே தேடிவிடலாம். ஆனால் அவள் மறுபடியும் நிறப் பட்டியலைத் திறந்தாள். நிறங்களை நாங்களே மாற்ற முடியுமா? முடியும்! சிவப்பு இருந்த இடத்தில் மஞ்சளையும், பச்சை இருந்த இடத்தில் நீலத்தையும் வைத்தாள். பின்னணியைக் கறுப்பாக்கினாள்.

"இப்ப?"

றொட்னி கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். அவன் விரல் வரி வரியாக இறங்கியது. நீலம், நீலம், நீலம்...

"இருபத்துமூண்டாம் கேள்வி! அடைப்புக்குறி மஞ்சளாக் கிடக்குதடி!"

விடுபட்ட மேற்கோள் குறியை அவனே தட்டினான். வெள்ளைத் திரை மறைந்து பஸ் நிலையம் வந்தது. பச்சைக் கழுதை வாலை ஆட்டிக்கொண்டு ஓரடி வைத்தது.

"மண் நிறமா மாத்துவமோ?" என்று கேட்டாள் டிலோஜினி.

"வேண்டாம். எனக்கு அது மண் நிறம்தானே!"

கணினி அறையைப் பூட்டியதும் றொட்னி வீட்டுக்குப் போகவில்லை. நேரே றெனால்ட் மாமாவின் வாடிக்குப் போனான். டிலோஜினி பின்னாலேயே ஓடினாள்.

"மாமா, எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரித்தான் தெரியுது. இண்டைக்குத்தான் தெரியும்."

மாமா பக்கத்து வாடியிலிருந்து ஒரு சிவப்பு மிதவையை எடுத்து, தன் பச்சை மிதவையோடு சேர்த்துத் தூக்கிப் பிடித்தார். "இதும் இதும் ஒண்டோ?"

"ஓம், மாமா."

மாமா தலையைச் சொறிந்தார். "அட, நான் வேற அப்பிடிக் கத்திப்போட்டன். உங்கடை கழுதையிட்டைச் சொல்லு, வந்து எனக்கு ஒரு உதை உதைக்கட்டும்."

பிறகு வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய நீலப் பெயின்றை எடுத்தார். மூவருமாகச் சேர்ந்து அவருடைய மிதவைகள் எல்லாவற்றுக்கும் நீலம் பூசினார்கள். டிலோஜினியின் மூக்கு நுனியும் நீலமானது.

மறுநாள் கண்காட்சி தொடங்கும் முன், றொட்னி யாருக்கும் சொல்லாமல் நாற்பத்தோராவது கேள்வி ஒன்றைச் சேர்த்தான்.

றெனால்ட் மாமாவும் விளையாட வந்தார். கழுதை மீன் சந்தையை நெருங்கிவிட்டது. கடைசிக் கேள்வி திரையில் வந்தது: 'றெனால்ட் மாமாவின் மிதவை என்ன நிறம்?'

"இது தெரியாதோ எனக்கு?" மாமா நெஞ்சை நிமிர்த்தினார். "பச்சை!"

கழுதை நடுத்தெருவில் படுத்துக்கொண்டது.