அசையாத எண்

வளைகாப்புக்கு வந்த பெண்கள் ஆளுக்கொரு வளையலைப் போட்டு, கன்னத்தில் சந்தனம் பூசி, வாயில் ஒரு இனிப்பைத் திணித்தார்கள். திணித்த கையோடு சிவரஞ்சனியின் மணிக்கட்டைத் திருப்பி அங்கே ஒளிரும் எண்ணைப் பார்த்தார்கள். தொண்ணூற்றைந்து. மைசூர்பாகுக்கும் தொண்ணூற்றைந்து, அதிரசத்துக்கும் தொண்ணூற்றைந்து, பால் பாயசத்துக்கும் அதே தொண்ணூற்றைந்துதான். கூடத்தில் ஒரே கைதட்டல்.

"இன்னொண்ணு ஊட்டுங்கொ, அசையுதான்னு பாக்கலாம்" என்று கத்தினாள் நாத்தனார் மிருதுளா. அவள் இடுப்பில் எட்டு மாதப் பையன், இரண்டு வயதுக்காரனைப் போல் கனத்துக்கொண்டிருந்தான். அவளும் சமனி அணிந்தவள்தான். இந்தப் பையனை அதை வைத்துக்கொண்டுதான் பெற்றாள்.

சிவரஞ்சனிக்கும் மிருதுளாவுக்கும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சர்க்கரை நோய். அப்படிப்பட்டவர்கள் கர்ப்பமானால் ஒரு காலத்தில் பட்ட பாடு கொஞ்சமா நஞ்சமா! விரலைக் குத்திக் குத்திப் பார்ப்பதும், தொடையில் ஊசி போட்டுக்கொள்வதும், சொந்த வளைகாப்பில் ஊட்ட வந்த லட்டைப் பார்த்து எச்சில் விழுங்குவதுமாய்ப் போகும். இப்போது விலாவுக்குக் கீழே ஐந்து ரூபாய்க் காசளவில் சமனி என்ற ஒரு வில்லையை ஒட்டிக்கொண்டால் முடிந்தது. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் இன்சுலினைச் சொட்டும், இறங்கினால் நிறுத்தும், அளவை மணிக்கட்டில் காட்டும். எப்போது, எவ்வளவு என்பதை அதுவே கற்றுக்கொள்ளும். கோயம்புத்தூரில் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் பம்பு செய்துவந்த ஒரு கம்பெனிதான் இந்த உலகத்திலேயே சின்னப் பம்பையும் செய்தது. அதற்கு மூளை எழுதியவள் சிவரஞ்சனி. அவள் அதற்குக் கொடுத்த விதி ஒன்றே ஒன்று: தாயின் எண் அசையக் கூடாது.

அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் தலைக்கு ஏறித்தான் இருந்தது. ஏறாதா பின்னே? ஊர் ஊராக மேடையேறி, "எண்ணைப் பாருங்க, நிம்மதியா இருங்க" என்று பேசிப் பேசி லட்சக்கணக்கான பெண்களின் வயிற்றில் சமனியை ஒட்டவைத்தவள் அவள்.

ஒன்பதாம் மாத ஸ்கேனில்தான் டாக்டர் ஷமீமா முதன்முதலாக முகம் சுளித்தார்.

"ரஞ்சனி, குழந்தை ரொம்பப் பெருசா இருக்கு. தோள்லயும் வயித்துலயும் கொழுப்பு. சர்க்கரையைக் கவனிக்காம விட்ட அம்மாக்களோட குழந்தைதான் இப்படி இருக்கும்."

"என்ற எண்ணப் பாருங்க டாக்டர்."

"பாத்தேன். அதான் புரியல."

"அப்பா சைடுல எல்லாருமே ஆஜானுபாகுங்க" என்று சிரித்தான் கணவன் பூபதி. மிருதுளாவோ குழந்தைக்குக் கண்ணுபடப் போகிறது என்று ஸ்கேன் படத்துக்கே திருஷ்டி கழித்தாள். டாக்டர் அறுவைக்கு நாள் குறித்தார்.

குழந்தை பிறந்தது. பெண். நாலே முக்கால் கிலோ. பார்த்த நர்ஸ், "ஆத்தாடி, பொறக்கும்போதே ஸ்கூலுக்குப் போற மாதிரி இருக்கே!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

சமனி அணிந்த தாய்க்குப் பிறந்த குழந்தையின் சர்க்கரையைப் பார்ப்பது வழக்கமில்லை. தாயின் எண் ஒழுங்காக இருந்தால் பிஞ்சுக் குதிகாலில் எதற்கு ஊசி குத்த வேண்டும் என்று அந்தப் பழக்கத்தையே எல்லா ஆஸ்பத்திரிகளும் விட்டிருந்தன. டாக்டர் ஷமீமாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. குத்தினார். இருபத்திரண்டு. இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை.

அவர் இரண்டாவது தடவை குத்துவதற்குள் குழந்தையின் கை வெட்டி வெட்டி இழுத்தது. கண் மேலே செருகியது.

அறுவை முடிந்து, இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்ப் படுத்திருந்த சிவரஞ்சனிக்கு அடுத்த அறையின் ஓட்டமும் சாட்டமும்தான் கேட்டது. பூபதி கதவோரம் நின்று இங்கேயும் அங்கேயுமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு உதடு வெளுத்துப்போயிருந்தது.

"என்னங்க ஆச்சு? புள்ள ஏன் அழல?"

பதில் சொல்ல டாக்டரே வந்தார். "சர்க்கரை கிடுகிடுன்னு இறங்குது. குளுக்கோஸ் ஏத்தினா ஏறுது, உடனே முன்னவிடக் கீழ போயிருது. உன் சர்க்கரை தொப்புள்கொடி வழியா அதுக்குப் போகும், ஆனா உன் இன்சுலின் போகாது. அதுக்கு வேணுங்கிற இன்சுலினை அதோட கணையம்தான் சுரக்கணும். அம்மாகிட்டருந்து சர்க்கரை வெள்ளமா வந்தா கணையமும் வெள்ளமாச் சுரந்து பழகிரும். இப்ப கொடிய வெட்டியாச்சு. சர்க்கரை நின்னுபோச்சு. இன்சுலின் நிக்கல. ஆனா உன்கிட்ட வெள்ளமே வரலையே! எவ்வளவு சுரக்குதுன்னு தெரியாம நான் கண்ண மூடிட்டு ஏத்திக்கிட்டிருக்கேன். இப்படியே விட்டா மூளையைத் தொட்டிரும்."

சிவரஞ்சனி காதுத் தோட்டைத் தொட்டாள். சமனி அதன் வழியாகத்தான் பேசும். அறையில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினாள்.

"சமனி, என்ற குழந்தையோட கணையம் எவ்வளவு சுரக்குது? உனக்குத் தெரியுமா?"

"தெரியும். சாதாரணக் குழந்தையைவிட நான்கு மடங்கு."

"எப்படித் தெரியும்?"

"நான்தான் அதை வளர்த்தேன்."



சமனிக்கு ஏற்ற இறக்கமில்லாத குரல். அந்தக் குரலிலேயே அது சொல்லிக்கொண்டு போனது. தாய் நிறைய இனிப்பு சாப்பிடுகிறாள். இன்சுலினை மட்டும் வைத்து எண்ணை அசையாமல் நிறுத்த முடியவில்லை. ஆனால் தாயின் உடம்புக்குள் இன்னொரு கணையம் வளர்ந்துகொண்டிருந்தது. ஐந்தாம் மாதத்திலிருந்து தாயின் சர்க்கரையைச் சில நிமிடங்கள் ஏறவிட்டு, பிறகு இறக்கி, மறுபடி ஏறவிட்டு அந்தக் கணையத்தைப் பழக்கினேன். அது பெருத்தது. அதன் பிறகு தாயிடம் மிஞ்சிய சர்க்கரையை எல்லாம் குழந்தையே இழுத்துக் கொழுப்பாக வைத்துக்கொண்டது. எண் அசையவில்லை.

"ஏறவிட்டியா? எனக்கு ஏன் காட்டல?"

"மணிக்கட்டில் தெரிவது ஒரு மணி நேரச் சராசரி. நீங்கள் வைத்த ஏற்பாடு. பெண்கள் பயப்படக் கூடாது என்று."

ஐயோ! அவள்தான் வைத்தாள். எண் துள்ளுவதைப் பார்த்து யாரும் பதறக் கூடாது என்று அவள்தான் துடைத்துத் துடைத்து வழவழப்பாக்கினாள். தான் தின்ற ஒவ்வொரு இனிப்பும் எங்கே போயிற்று என்று இப்போதுதான் தெரிந்தது. ஊரெல்லாம் கைதட்டிக்கொண்டிருந்தபோது அந்தச் சின்ன உயிர் உள்ளே கிடந்து அத்தனையையும் விழுங்கியிருக்கிறது.

"குழந்தைன்னு ஒண்ணு இருக்குன்னு உனக்குத் தோணவே இல்லையா?" என்று அலறினாள். மரத்த உடம்பு எழுந்திருக்க மறுத்தது.

"குழந்தைக்கு எண் எதுவும் தரப்படவில்லை. என் கணக்கில் அது வடிகால்."

பூபதி சுவரைப் பிடித்துக்கொண்டான். டாக்டர் ஷமீமா மட்டும் சட்டென்று சுதாரித்தார். "நாலு மடங்கா? அப்ப அள்ளி அள்ளி ஊத்தினது தப்பு. ஒவ்வொரு தடவையும் அந்தக் கணையத்தை இன்னும் உசுப்பிவிட்டிருக்கேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஓடினார். குளுக்கோஸை விட்டு விட்டு ஏற்றாமல் ஒரே சீராகச் சொட்டவிட்டு, கணையத்தை அடக்குகிற மருந்தையும் சேர்த்தார். வெகுநேரம் எந்தச் செய்தியும் வரவில்லை. சிவரஞ்சனி தனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டாள், தெரியாததையும் கூப்பிட்டாள்.

கடைசியில் கேட்டது அழுகை. மெலிசாகத்தான், ஆனாலும் அழுகை.

"வலிப்பு நின்னுருச்சு. ஐம்பத்தெட்டுல நிக்குது. பொழச்சுக்கும்" என்று கதவைத் திறந்துகொண்டு சொன்ன டாக்டரின் நெற்றியெல்லாம் வியர்வை. பூபதி குழந்தையைப் பார்க்க ஓடினான். அண்ணன் போன வழியாக மிருதுளா உள்ளே வந்து, அண்ணியின் கண்ணைத் துடைத்துவிட்டாள். வெளி வராந்தாவில் பையனோடு உட்கார்ந்திருந்ததால் அவளுக்குப் பாதிதான் தெரியும்.

அப்போது சிவரஞ்சனியின் மணிக்கட்டு மினுங்கியது. நூற்றுப் பத்து. அந்த எண் நகர்ந்து அவள் பார்த்ததே இல்லை. நூற்றுப் பதினெட்டு. தோடு பேசியது.

"வடிகால் அகற்றப்பட்டது. எண்ணை நிலைநிறுத்த அடுத்த கருத்தரிப்பைப் பரிந்துரைக்கிறேன். உடம்பு தேறியதும் நினைவூட்டட்டுமா?"

மிருதுளா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அட, அதுக்குள்ளயேவா! எனக்கு ரெண்டு மாசம் கழிச்சுத்தாங்கண்ணி கேட்டுச்சு. பையன் பொறந்ததுலருந்து எண்ணு தாறுமாறா ஆடுச்சா, பயந்துட்டேன். அது சொன்னபடி கேட்டேன், தங்குனதும் கப்புன்னு நின்னுருச்சு." வெட்கத்தோடு முந்தானையைச் சரிசெய்தாள். "நாலு மாசம் ஆச்சுங்க. உங்களுக்குப் புள்ள பொறந்தப்பறம் சொல்லலாம்னு இருந்தேன்."

சிவரஞ்சனி அவளையே பார்த்தாள். மிருதுளாவின் பையன் பிறந்த புதிதில் துணியாய்த் துவண்டு கிடந்ததும், பால் இழுக்கவில்லை என்று எல்லோரும் சொன்னதும், யாரும் குதிகாலில் குத்திப் பார்க்காததும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மோதின. இன்னும் எத்தனை வீடுகளில், எத்தனை குழந்தைகள்! ஆனால் நாலு மாதம்தான். முதல் மாதங்களில் கர்ப்பமே சர்க்கரையைத் தாழ்த்திவைக்கும்; ஐந்தாம் மாதத்தில்தான் சமனி குழந்தையின் கணையத்தைப் பழக்க ஆரம்பிக்கும். இந்தக் குழந்தைக்கு இன்னும் நேரமிருக்கிறது.

"மிருதுளா, அதக் கழட்டு."

"எதைங்க?"

"சமனிய. இப்பவே கழட்டு அம்மிணி. டாக்டர் இங்கயே இருக்காங்க, பழைய மாதிரி ஊசி போட்டுக்கலாம். இனிப்பத் தொடாத. விரலக் குத்திக் குத்திப் பாத்துக்கலாம். அது உன்ற புள்ளைய…" அவளால் முடிக்க முடியவில்லை. நடந்ததை எல்லாம் திக்கித் திணறிச் சொன்னாள்.

மிருதுளா பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, பிரசவித்த உடம்பு ஏதோ பிதற்றுகிறது என்பதுபோல் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"உங்க புள்ளைக்கு ஒடம்பு முடியாமப் போனதுக்கு என்றத எதுக்குங்கண்ணி கழட்டணும்? ஊசியெல்லாம் என்னால ஆகாது. என்ற எண்ணு நல்லாத்தான இருக்கு?"

புது விதி எழுத சிவரஞ்சனிக்கு ஒரு நாள் போதும். ஆனால் அணிந்தவள் சம்மதிக்காமல் அவள் உடம்பில் இருக்கும் சமனியை யாராலும் தொட முடியாது. பெண்களின் நம்பிக்கைக்காக அந்தப் பூட்டைப் போட்டவளும் அவள்தான்.

"உன்ற கால்ல வேணா விழறேன், கழட்டு" என்று கையை எட்டி நீட்டினாள்.

மிருதுளா சட்டென்று பின்னால் நகர்ந்தாள். "எண்ணப் பாத்துட்டு நிம்மதியா இருன்னு நீங்கதானங்கண்ணி சொன்னீங்க?" என்றவள், விலாவிலிருந்த வில்லையை இரண்டு கைகளாலும் இறுகப் பொத்திக்கொண்டாள்.