மூக்குத் தாழ்ந்த படகு

படகின் மூக்கு மறுபடியும் தாழ்ந்துதான் நின்றது. கரையில் இரண்டு மரக்குற்றிகளின் மேல் வைத்துப் பார்த்தபோது ரசமட்டத்துக் குமிழி நட்டநடுவில் அசையாமல் இருந்தது. தண்ணீரில் இறக்கியதும், யாரோ ஏறி நிற்பதுபோல் முன்பக்கம் நாலு விரற்கடை அமிழ்கிறது. கஜேந்திரன் மூன்று தடவை முன்பக்க மேடைப் பலகையைக் கழற்றி, இழைத்து, திரும்பவும் முடுக்கிவிட்டான். பின்பக்கம் இரண்டு கருங்கல்லை ஏற்றியும் பார்த்தான். ம்ஹூம்.

பாவம், அவனுக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. விருந்தினர் பங்களாவின் அந்தச் சின்ன அலுமினியப் படகில், நின்றபடி தூண்டில் வீச முன்னால் ஒரு மேடை போட வேண்டும். நாளைக் காலை விருந்தாளிகள் வரும்போது படகு மட்டமாக மிதந்தால் படகோட்டி வேலை உனக்குத்தான் என்று பங்களா மனேஜர் சொல்லியிருந்தார். வேலை கிடைத்தால் அவன் மனைவி பூரணி வீட்டுவேலைக்குக் குவைத் போகத் தேவையில்லை. அவளுடைய பாஸ்போர்ட் வந்து பத்து நாளாகிறது.

பலகை சும்மா கிடைத்தது. போன மாசியில் நீர்த்தேக்கத்துத் தண்ணீர் வற்றியபோது, அடியில் மூழ்கிக் கிடந்த, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த பழைய லயம் ஒன்று தலைகாட்டியது. அதன் கடைசிக் காம்பரா அறையின் கதவைப் பெயர்த்து வந்திருந்தான்.

"நாப்பது அம்பது வருசம் தண்ணிக்குள்ள மூடிக் கெடந்த கதவு அது," என்றாள் பூரணி அன்றைக்கே. "கெடந்த எடத்துலயே கெடக்கட்டுமேங்க."

"ஒங்கப்பன் பலகை வாங்கித் தாறாராமா? சும்மா இரு புள்ள."

இன்று மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. தேயிலை மலை போனது, பங்களா போனது, பத்தடி தள்ளியிருந்த கரையும் போனது. அவன் படகின் முன்பக்கம் மண்டியிட்டுக் கடைசித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தான். பின்னால் தண்ணீர் கலங்கியது. முழங்கால் ஆழத்தில் யாரோ காலை இழுத்து இழுத்து நடந்துவரும் சத்தம். தேத்தண்ணி கொண்டுவருவதாகப் பூரணி சொல்லியிருந்தாள்.

"வந்ததுதான் வந்த, பின்னால ஏறிக் குந்து. மட்டம் பாக்கணும்."

படகு ஆடியது. பின்பக்கம் கனத்தது. முன்பக்கம் மெல்ல எழும்ப, குமிழி ஊர்ந்துவந்து நடுவில் நின்றது.

"அப்படியே இரு. அசையாத." மூன்று நாளில் முதல் தடவையாக அவனுக்குச் சிரிப்பு வந்தது. "குவைத்காரன் வேற ஆளப் பாக்கட்டும். நீ எங்கயும் போக வேணாம். எங்கூடவே இருந்துக்க. கேக்குதா?"

தண்ணீர் ஊற்றி அவித்த அடுப்புச் சாம்பலின் வாசனை மட்டும் வந்தது. தண்ணீருக்கு நடுவில் அடுப்பேது?

"ஏங்க," என்றது பூரணியின் குரல். கரையிலிருந்து. "தேத்தண்ணி ஆறுது. யாரோட பேசிக்கிட்டு இருக்கீங்க?"

அவன் கை நின்றது.

திரும்ப வேண்டும். கழுத்து திரும்பவில்லை.

குமிழி அசைந்தது. பின்பக்கமாக, ஒரு நெல்லளவு. இன்னும் ஒரு நெல்லளவு. முன்பக்கம் தாழ்கிறது. பின்னாலிருந்த பாரம் முன்னால் வருகிறது.

காலடிச் சத்தம் இல்லை. மூச்சு இல்லை. சாம்பல் வாசனை.

"பூரணி," என்றான். "கிட்ட வராத."

கட்டியிருந்த கயிற்றில் படகு மெதுவாகச் சுழன்று, அவன் முகத்தைக் கரைப்பக்கம் திருப்பியது. பனி ஓரிடத்தில் விலகியது. பூரணி நின்றிருந்தாள், கையில் கோப்பையோடு. அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் தலைக்கு மேலே பார்த்தாள்.

பிறகு அவள் பார்வை, மிக மெதுவாக, குனிகிற ஒன்றைப் பின்தொடர்வதுபோல, அவன் காதருகே இறங்கியது.