எழுதிக்கொண்டிருக்கிறார்

ஃபிரிட்ஜுக்குள் வெண்ணெய் உருகியிருந்தது. பால், முட்டை, மதியம் பாதி குடித்து மூடி வைத்த சூப் எல்லாம் சில்லென்றுதான் இருந்தன. போன் சாய்ந்திருந்த பக்கத்தில் மட்டும் வெண்ணெய் மஞ்சள் எண்ணெயாகித் தட்டில் ஓடியிருந்தது. ரொவீனா போனை எடுத்தாள். இஸ்திரி போட்டு எடுத்த சட்டை மாதிரி சூடாக இருந்தது. சும்மா கிடக்கிற போன் இப்படிச் சூடாகாது.

கான்பெராவில் பத்திரிகைக்காரர்கள் வீட்டுக்கு ஆள் வந்தால் யாரும் ஒட்டுக்கேட்காதபடி முதலில் போன் ஃபிரிட்ஜுக்குள் போகும், அப்புறம்தான் பேச்சு. மதியம் பத்திரிகை ஆசிரியர் வந்தபோதும் அப்படித்தான் வைத்தாள். டார்சி முதல்முறை வந்தபோது தன் போனைத் தானே உள்ளே வைத்து, "முட்டைக்குப் பக்கத்துல வைக்கிறேன் பத்திரிகைக்காரம்மா. அதுங்க யாரையும் போட்டுக் கொடுக்காது" என்று சிரித்தான்.

அவன் வேலை பார்த்த அரசுத் துறை, எந்த அனுமதியும் வாங்காமல் சாதாரண ஜனங்களின் போன்களைக் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கான ஆதாரத்தை அவன் அவளிடம் கொடுத்திருந்தான். செய்தி இன்னும் அச்சேறவில்லை. பெயர் வெளியே வந்தால் அவனுக்குச் சிறைதான். வீட்டில் மனைவி கெரின், நாலு வயதுப் பெண் குழந்தை. அவன் பயந்து பயந்து கேட்டபோது ரொவீனா அடித்துச் சொன்னாள்: "நாம எழுதுறது பூட்டித்தான் போகும். சாவி நம்ம ரெண்டு பேர் போன்ல மட்டும்தான். அரசாங்கமே தலைகீழா நின்னாலும் திறக்க முடியாது." அவன் நம்பினான். பாவி, அவளும் அதை நம்பித்தான் சொன்னாள்.

அந்தப் பூட்டுக்கு ஒரு நீண்ட எண் உண்டு. அது மாறியதாகப் போன் சொன்னால் இரண்டு பேரும் நேரில் உட்கார்ந்து, நடுவில் வேறு யாரும் புகவில்லை என்று ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்க்க வேண்டும். இந்தத் தொழிலில் இது பல் தேய்ப்பது மாதிரி. ஈஸ்டர் கழிந்து ஒரு நாள் எண் மாறியது. 'பாப்பா என் போனைக் குளிக்கிற தொட்டியில போட்டுட்டா. புதுசு வாங்கினேன்' என்று டார்சி எழுதியிருந்தான். வெளியே கொட்டுகிற மழை. ரொவீனா சிரித்தாள், 'சரி' என்ற இடத்தை ஒரு தட்டு தட்டினாள். நேரில் போகவில்லை.

அதற்குப் பிறகு அவன் நிறைய எழுதினான். செய்தி யார் யாருக்குத் தெரியும், ஆதாரத் தாள்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டான். பயத்தில் கேட்கிறான் என்று நினைத்து அவளும் தேறுதல் சொல்லி எல்லாவற்றையும் எழுதினாள்.

ஜூலை மாதத்துக் குளிர்கால இருட்டு ஜன்னலை மூடிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டு விறகுப் புகை கதவிடுக்கில் நுழைந்து மூக்கில் ஏறியது, சுவரோர ஹீட்டர் யாரோ நாக்கைச் சொடுக்குவதுபோல டிக் டிக்கென்று விட்டுவிட்டுச் சத்தம் போட்டது, ஃபிரிட்ஜின் உறுமல் மெல்ல அடங்கி நின்றது. கையில் போன் அதிர்ந்தது.

டார்சி.

'சூப்பைப் பாதியிலேயே வெச்சுட்டீங்களே. உடம்பு சரியில்லையா?'

சூப்பைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை. தனியாகத்தான் குடித்தாள். நின்றபடி. இதே சமையலறையில்.

வாசலில் யாரோ தட்டினார்கள்.

படத்தில் மட்டும் பார்த்திருந்த முகம். டார்சியின் மனைவி. தலை வாரவில்லை, கோட்டுக்குள் இரவு உடை.

"கெரின். உள்ள வாங்க."

"உட்கார வரல. பாப்பா கார்ல தூங்குது." அவள் சமையலறை வரை வந்து சுற்றிப் பார்த்தாள். "அவரு எங்க?"

"யாரு?"

"நடிக்காதீங்க. ஈஸ்டர் கழிஞ்சு மழை பெஞ்ச வாரமே போனவரு. ஏரிக்கரையில கார் மட்டும் நின்னுது. நீங்கதானே வரச் சொன்னீங்க?"

ரொவீனா தன் போனை நீட்டினாள். "எனக்கு இன்னிக்குக்கூட எழுதினாரே."

"எதுலேருந்து எழுதினாரு? அவரு போன் இதோ என்கிட்ட இருக்கு. போனை வீட்டுலயே வெச்சுட்டு வாங்கன்னு எழுதுனதும் நீங்கதான்."

"தொட்டியில விழுந்து புதுசு வாங்கினதா..."

"எந்தத் தொட்டி? கல்யாணத்துலேருந்து இதேதான்." கெரின் போனை மேசைமேல் வைத்துத் திறந்தாள். "பாப்பா பிறந்தநாள்தான் இதுக்கு நம்பர். நேத்துதான் அது தோணுச்சு. படிங்க."

ரொவீனா படித்தாள். மேலே அவள் பெயர், அவள் படம். 'கேளுங்க டார்சி' என்று ஆரம்பித்தது. அவள் அப்படித்தான் ஆரம்பிப்பாள். 'பயப்படாதீங்க. வீட்டுல சொல்ல வேணாம். போனை விட்டுட்டுத் தனியா ஏரிக்கு வாங்க. நான் இருக்கேன்ல.' அவன் பதில் ஒரே வரி. 'உங்களை நம்பித்தான் வர்றேன்.'

"இதை நான் எழுதல, கெரின்."

"பின்ன யாரு? யாராலயும் திறக்க முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அவரு அதை என்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்காரு தெரியுமா." கெரின் அழவில்லை. அழுது முடித்திருந்தாள். "உயிரோட இருக்காரா? அதை மட்டும் சொல்லுங்க."

ரொவீனா தன் போனை அவன் போனுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு பெண்களும் மேசையிலிருந்து விலகி நின்றார்கள்.

இரண்டு திரைகளும் ஒளிர்ந்தன.

அவன் போனில்: 'ரொவீனா எழுதிக்கொண்டிருக்கிறார்.'

அவள் போனில்: 'டார்சி எழுதிக்கொண்டிருக்கிறார்.'

யார் கையும் படவில்லை. புள்ளிகள் துள்ளின. வரிகள் வந்தன.

'கேளுங்க டார்சி. கெரின் வந்துட்டா.'

'எங்க நிக்கிறா?'

'என் பக்கத்துல. சமையலறையில.'

'பாப்பா?'

'வாசல்ல. கார்ல தூங்குது.'

புள்ளிகள். வெகுநேரம் புள்ளிகள் மட்டும்.

'கார் பூட்டியிருக்கா?'

'இல்ல.'

கெரின் ஓடினாள். ரொவீனா ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள். நல்ல இருட்டு. அதில் காரின் உள்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பின்கதவு திறந்திருந்தது. குழந்தை எழுந்து உட்கார்ந்து, வெளியே இருட்டைப் பார்த்து, அப்பாவிடம் தூக்கச் சொல்வதுபோல இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டிருந்தது.